பதின்வயதினருக்கு வரலாறு: எந்தப் புத்தகத்தை எடுப்பது, எதை விடுவது

புத்தகக் காட்சிக்குப் பிள்ளைகளோடு போகும் பெற்றோர் பலர் ஒரு சிக்கலைச் சந்தித்திருப்பார்கள். 10 வயதுவரை வாங்கித் தருவதற்கு நூல்களுக்குப் பஞ்சமில்லை. படக்கதைகள், விலங்குக் கதைகள், அறிவியல் துணுக்குகள் என்று கடை கடையாகக் கிடைக்கின்றன. பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் கை தயங்குகிறது. ஒரு பக்கம், ‘இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் படிப்பது’ என்று அவர்களே ஒதுக்கிவிடும் நூல்கள். மறுபக்கம், அடிக்குறிப்புகளோடு 700 பக்கம் நீளும் ஆய்வு நூல்கள். வரலாறு, சமூகவியல், பொருளாதாரம், அரசமைப்பு ஆகிய துறைகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது.

வரலாற்றைப் பள்ளியோடு விட்டுவிட்ட பெற்றோர், நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற ஆசிரியர், ஊரில் வாசிப்பு வட்டம் தொடங்க நினைக்கும் இளைஞர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நூலைத் தேர்ந்தெடுக்க நீங்கள் வரலாற்று அறிஞராக இருக்க வேண்டியதில்லை. சில கேள்விகளோடு புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தால் போதும். அவற்றில் முதன்மையானது, ‘இது இவருக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும் நூலே பதின்வயதுப் பிள்ளைக்கு உகந்தது என்பது என் உறுதியான எண்ணம். தேர்வுக்குப் படிக்கும் வரலாறு முடிவுகளை மட்டும் தருகிறது. அந்த முடிவுக்கு ஒருவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று காட்டும்போதுதான் 14 வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறது.

முதல் படி: பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்று பாருங்கள்

‘உனக்கு வரலாறு பிடிக்குமா?’ என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் ‘பிடிக்காது’ என்றுதான் பதில் வரும். அந்தப் பிள்ளையின் மனத்தில் வரலாறு என்றால் ஆண்டுகளின் பட்டியல். சாப்பாடு, உடை, கிரிக்கெட், சினிமா, கோயில், போர், பணம் ஆகியவற்றில் எதைப் பற்றி அது தானாகப் பேசுகிறது என்று கவனியுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும் பிள்ளைக்குத் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ நல்ல தொடக்கம். உப்பு, எண்ணெய், உடை என்று நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களைப் பற்றிய சிறு சிறு கட்டுரைகள். பல்லாங்குழி ஆட்டத்தை எடுத்துக்கொண்டு தனிச்சொத்து உருவானதைப் பற்றிப் பேசும் ஒரு கட்டுரை அதில் இருக்கிறது. பாட்டி வீட்டில் பார்த்த மரப்பலகை சமூக வரலாற்றுக்குச் சான்றாக முடியும் என்பது பிள்ளைக்குப் பெரிய திறப்பு. கட்டுரைகள் சிறியவை என்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம். காப்பி நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது, அதற்கு எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்று அறிய ஆசைப்பட்டால் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ இருக்கிறது. அதன் நடை சற்றே கனமானது. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம்.

உடையில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டம் பொருத்தமான வாசல். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859இல் அரசாணை பெற்ற வரலாறு அது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தது. ‘எனக்குப் பிடித்ததை உடுத்தக்கூடாதா?’ என்று வீட்டில் வாதிடும் வயதில் இதைப் படிக்கும் பெண், தன் கேள்வியைத் தனக்கு முன்பே சிலர் தெருவில் இறங்கிக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறாள்.

இரண்டாம் படி: நடுப்பக்கம் ஒன்றை உரக்கப் படியுங்கள்

முன்னுரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா முன்னுரைகளும் நன்றாகத்தான் இருக்கும். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்காமல் வாக்கியத்தின் முடிவுக்குப் போக முடிகிறதா? ஒரே பக்கத்தில் நான்கைந்து இடங்களில் தடுக்கினால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். உலகத் தரமான நூல்கள் பல, ஒரு வாக்கியம் எட்டு வரிக்கு நீளும் மொழிபெயர்ப்பில் நம்மிடம் வந்திருக்கின்றன. நூல் சிறந்ததாக இருக்கலாம். ஆனால் முதல் 10 பக்கத்தில் பிள்ளை மூடி வைத்துவிட்டால் அதன் சிறப்பால் யாருக்குப் பயன்?

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் உரைநடையை வேகமாக வாசிக்கும் பழக்கம் குறைவு. அது அவர்கள் குற்றமில்லை. அவர்களுக்கு ஒரு பத்தி நீங்கள், ஒரு பத்தி அவர்கள் என்று மாற்றி மாற்றி உரக்கப் படிக்கலாம். இரண்டு அத்தியாயம் போவதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தை வாங்கித் தாங்களே படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்றாம் படி: ‘எப்படித் தெரியும்?’ என்று நூலிடம் கேளுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். சோழர்களைப் பற்றிய நூல் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இப்படி ஒரு வரி: ‘முதலாம் இராஜராஜன் காலம் தமிழகத்தின் பொற்காலம், மக்கள் குறையின்றி வாழ்ந்தனர், கலைகள் செழித்தன.’ படிக்கச் சுகமாக இருக்கிறது. இது எங்கிருந்து தெரிந்தது என்று நூல் சொல்லவில்லை. பிள்ளை இதை நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம். வேறெதுவும் செய்ய முடியாது.

இன்னொரு நூல் இதே செய்தியை வேறு விதமாகத் தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், ‘நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்’ கல்லிலே வெட்டுமாறு மன்னன் ஆணையிட்டான் என்று தொடங்குகிறது. கோயிலில் ஆடல் பாடலுக்காகக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அந்தக் கல்வெட்டுகளில் இருப்பதைச் சொல்கிறது. அவர்கள் எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு தரப்பட்டது என்பதுவரை கல்லில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவை) நெல்.

இதைப் படிக்கும் பிள்ளையின் மனத்தில் கேள்விகள் தாமாக எழும். இந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா? அந்த 100 கலம் நெல்லை விளைவித்தவர்கள் யார்? அவர்கள் பெயர்கள் ஏன் கல்லில் இல்லை? தன் பெயரோடு அக்காவின் பெயரையும் ஒரு பேரரசன் ஏன் சேர்க்கிறான்? முதல் நூல் தந்த ஒற்றை வரி வாயை அடைத்தது. இரண்டாம் நூல் பிள்ளையைப் பேச வைக்கிறது. கடையில் நின்றபடியே இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கலாம். ‘கல்வெட்டு’, ‘செப்பேடு’, ‘நாட்குறிப்பு’, ‘அகழாய்வு’, ‘இதைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு’ என்பவை போன்ற சொற்கள் பக்கங்களில் தென்படுகின்றனவா என்று பாருங்கள். ‘வீரம் செறிந்த’, ‘ஈடு இணையற்ற’, ‘உலகமே வியந்த’ என்று அடைமொழிகள் மட்டும் அணிவகுத்தால் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: யார் விடுபட்டிருக்கிறார்கள்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தத் தமிழக வரலாற்று நூலையும் சோதிக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இந்தக் கல்வெட்டுகள் ஊர்ச் சபையின் குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (வட்டங்களிலிருந்தும்) தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்த முறை. ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் மக்களாட்சி’ என்று சில நூல்கள் இதை ஒரே வரியில் கொண்டாடிவிட்டுப் போய்விடும்.

நல்ல நூல் அடுத்த வரிக்கும் போகும். வேட்பாளருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். அதன் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. ஆகவே பெண்களும், நிலமற்றவர்களும், நிலத்தில் உழைத்தவர்களும் அந்தக் குடத்துக்குள் வரவே இல்லை. கணக்குக் காட்டாதவரை விலக்கிவைத்த விதியை மெச்சவும், விடுபட்டவர்களைப் பற்றிக் கேட்கவும் 15 வயதுப் பிள்ளையால் ஒரே நேரத்தில் முடியும். அதற்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நூல் வேண்டும்.

பொருளடக்கத்தைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். எல்லா அத்தியாயத் தலைப்பும் அரசன் பெயராகவே இருக்கிறதா? உழவர், நெசவாளர், தோல் தொழிலாளர், மீனவர், தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர் யாருமே வரவில்லையா? மதனின் ‘வந்தார்கள் வென்றார்கள்’ டெல்லி சுல்தான்களையும் முகலாயர்களையும் துள்ளல் நடையில் சொல்வது. தமிழில் எத்தனையோ பேரை வரலாற்றின் பக்கம் இழுத்துவந்த நூல். தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அது அரசர்களின் வரிசை. அதோடு உழைக்கும் மக்களைப் பற்றிய ஒரு நூலையும் சேர்த்து வையுங்கள். காஞ்சா அய்லய்யா எழுதி, கோண்டு ஓவியர் துர்காபாய் வியாம் படம் வரைந்த ‘பானை செய்வோம், பயிர் செய்வோம்’ அதற்குப் பொருத்தமாக இருக்கும். குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், தோல் பதனிடுவோர் என்று ஒவ்வொரு தொழிலிலும் உள்ள அறிவையும், அந்த அறிவு எப்படி இழிவாகப் பார்க்கப்பட்டது என்பதையும் எளிமையாகச் சொல்கிறது. 12 வயதிலிருந்தே படிக்கலாம்.

ஐந்தாம் படி: பதிப்பு ஆண்டையும் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள்

தொல்லியல் நூல் என்றால் பதிப்பு ஆண்டு மிகவும் முக்கியம். கீழடியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்லும் முடிவுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல்தான் வெளியிட்டது. தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றிய அரசு அறிக்கை 2025 ஜனவரியில் வந்தது. இவற்றை ஒட்டிய விவாதங்கள் இன்னும் நடக்கின்றன. 2010இல் அச்சான நூலில் இவை இருக்காது; அது அந்த நூலின் குறையும் அல்ல. எந்த ஆண்டில் நின்று அது பேசுகிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். நிலப்படம், காலவரிசை, பெயரகராதி, மேலும் படிக்க நூற்பட்டியல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் நல்லது. நிலப்படம் இல்லாத போர் வரலாற்றை வாங்காதீர்கள்.

ஆறாம் படி: வகைக்கு ஒன்றாகத் தொடங்குங்கள்

ஒரே நாளில் அலமாரியை நிரப்ப வேண்டாம். வெவ்வேறு வகையில் நான்கைந்து நூல்கள் போதும். எது பிள்ளையின் கையில் ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

தன்வரலாறு எப்போதும் வலுவான தொடக்கம். ‘நான்’ என்று ஒருவர் பேசத் தொடங்கியதும் காலம் நெருங்கிவந்துவிடுகிறது. அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ அளவில் மிகச் சிறியது. 1901இல், சிறுவன் பீமராவ் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் கோரேகானில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறான். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, உற்சாகம். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடையில் நிற்கும் பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி கனிவாகத்தான் விசாரிக்கிறார். ‘நாங்கள் மகர்கள்’ என்று, தீண்டத்தகாததாக நடத்தப்பட்ட தங்கள் சாதியின் பெயரை அவர்கள் சொன்னதும் அவர் முகம் மாறுகிறது, அறைக்குள் போய்விடுகிறார். வண்டிக்காரர்கள் யாரும் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் ஒப்புக்கொள்கிறார், ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், கையில் இருந்த உணவை உண்ண முடியாமல் இரவு கழிகிறது. தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதிய பிள்ளை இந்தச் சில பக்கங்களைப் படித்த பிறகு கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். எழுத்து அதிகம் படிக்கத் தயங்குபவர்களுக்கு, இதே அனுபவங்களைப் படங்களால் சொல்லும் ‘பீமாயணம்’ தமிழில் இருக்கிறது.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ முழு நூலாகப் பெரியது. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்ல வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடப் பகுதியையும், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியையும் தனியே எடுத்துக் கொடுங்கள். தான் படித்த நூல்களின் பெயர்களை ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சற்றும் அசையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் ஐயரைப் பழைய ஏடுகளின் பக்கம் திருப்பியது. நாம் இன்று கையில் வைத்திருக்கும் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாறு, துப்பறியும் கதையைவிடப் பரபரப்பாக அங்கே விரிகிறது.

உலக வரலாற்றுக்கு நேருவின் ‘உலக சரித்திரம்’ பழைய நூல்தான், ஆனாலும் பரிந்துரைப்பேன். 1930 முதல் 1933 வரை சிறையில் இருந்தபடி மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் அவை. பதின்வயதுப் பெண்ணுக்கு அப்பா பேசுவது போன்ற தொனி முதல் கடிதத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும். அது எழுதப்பட்ட காலத்தை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் அதில் இல்லை, இந்திய விடுதலையும் இல்லை. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மர்ஜானே சத்ரபியின் ஈரான் பற்றிய படநூல்கள் தமிழில் கிடைக்கின்றன. 1979 புரட்சியை ஒரு சிறுமியின் கண் வழியாகக் காட்டுபவை. அவற்றில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு. முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

பொருளாதாரம், அரசமைப்பு ஆகியவற்றில் பதின்வயதினருக்கான தமிழ் நூல்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுத முன்வர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அரசமைப்பின் முகப்புரையை அச்செடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றைய செய்தித்தாளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தேடச் சொல்லலாம்.

பொன்னியின் செல்வன் படித்த பிள்ளைக்கு

இதற்குத் தனி இடம் தர வேண்டும்; தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வரலாற்றுக்குள் நுழைவது கல்கியின் வழியாகத்தான். சரித்திர நாவலை வரலாறு அல்ல என்று சொல்லித் தட்டிவிடுவது தவறு. அதை விட்டு வெளியேறும் வாசலை நீங்கள் காட்ட வேண்டும்.

இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியோடு நாவலை முடிக்கும் பிள்ளையிடம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. நாவலில் பார்த்த ரவிதாசன் கல்லில் இருக்கிறான்! நந்தினி இல்லை, அவள் கல்கியின் படைப்பு. கொலைக்கான காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கருதினார். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு.

இந்த இடத்தில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலில் உரிய பகுதியை மட்டும் காட்டினால், ஆய்வு நூலின் நடையைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். விடை வேண்டும் என்ற தவிப்பு இருக்கும்போது கடினமான பக்கமும் கடக்கக்கூடியதாகிவிடுகிறது. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ போன்ற பெருநூல்களையும் இப்படித்தான் அறிமுகப்படுத்த வேண்டும், முழு நூலாக அல்ல, ஒரு கேள்விக்கான சில பக்கங்களாக.

ஏழாம் படி: விலக்கி வைக்க வேண்டியவை

நம் புத்தகக் காட்சிகளில் சாதிப் பெருமை பேசும் ‘வரலாறு’கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆண்ட பரம்பரை நாங்களே என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நூல். பதின்வயதுப் பிள்ளையின் கையில் முதல் வரலாற்று நூலாக இது போய்விடக்கூடாது. அதே போல, ஒரு மதத்தாரை முழுவதுமாகக் கொடியவர்களாகவோ இன்னொரு மதத்தாரை முழுவதுமாகத் தியாகிகளாகவோ காட்டும் நூல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வேண்டாம்.

பழம்பெருமை நூல்களையும் கொஞ்சம் கவனியுங்கள். குமரிக்கண்டம் என்ற பெருங்கண்டம் கடலில் மூழ்கியது என்று உறுதியான செய்தியாக எழுதும் நூல்கள் நிறைய. கடல்கோள் பற்றிய நினைவு, பழைய இலக்கண உரையான இறையனார் களவியல் உரையில் இருக்கிறது. அது நம் இலக்கிய மரபின் செய்தி. லெமூரியா என்பது வேறு. மடகாஸ்கர், இந்தியப் பகுதி விலங்குகளின் ஒற்றுமையை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த ஊகம் அது. நிலத்தட்டுகளின் நகர்வு தெரியவந்த பிறகு அந்த ஊகத்துக்கு அறிவியலில் இடமில்லாமல் போயிற்று. இரண்டையும் பிரித்துச் சொல்லும் நூலை நம்பலாம். நமக்குக் கீழடியும் ஆதிச்சநல்லூரும் இருக்கும்போது சான்றில்லாத பெருமை தேவையே இல்லை.

எட்டாம் படி: வாங்கும் முன் இரவல் வாங்குங்கள்

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பிள்ளையின் பெயரிலேயே அட்டை எடுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும், மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க வரலாற்று அடுக்குகளுக்கு நடுவே பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் வேறு பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மயிலை சீனி. வேங்கடசாமி போன்றோரின் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை இலவசமாகப் படிக்கலாம். அவருடைய ‘சமணமும் தமிழும்’, ‘பௌத்தமும் தமிழும்’ ஆகியவை பழைய நூல்களானாலும் நடை தெளிவானது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அவற்றைத் தேர்வுப் பயமில்லாமல் படித்தால் சுவையாகவே இருக்கும். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களுக்குப் போகும்போது கையில் பட்டியல் இருக்கட்டும். ஆனால் கடைசி ஒரு நூலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

கையில் கொடுத்த பிறகு

‘படித்தாயா? என்ன புரிந்தது?’ என்று தேர்வு வைக்காதீர்கள். நீங்களும் அதே நூலைப் படித்துவிட்டு, உங்களுக்கு விளங்காத இடத்தைப் பிள்ளையிடம் கேளுங்கள். கொடுமைகளைச் சொல்லும் பகுதிகளில் மட்டும் கூடவே இருங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையோ, பிரிவினைக் காலப் படுகொலைகளையோ படிக்கும் பிள்ளைக்கு அன்று இரவு பேச ஆள் வேண்டும். ‘இதெல்லாம் உனக்கு எதற்கு’ என்று மறைக்கவும் வேண்டாம், படித்துவிட்டுத் தனியே தூங்கப் போகச் சொல்லவும் வேண்டாம்.

பிள்ளை ஒரு நூலில் மயங்கிவிட்டால், அடுத்ததாக அதோடு முரண்படும் நூலைக் கொடுங்கள். சோழர் பெருமையில் திளைத்தவருக்கு ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’. கீழடியால் உற்சாகமானவரை, நூலோடு சேர்த்துக் கீழடி அருங்காட்சியகத்துக்கே ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய், நூலில் சொன்ன பானை ஓட்டுக் கீறல்கள் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். எங்கும் போக முடியாவிட்டால் வீட்டிலேயே இருக்கிறது வேலை: தாத்தா பாட்டியிடம் 1964 தனுஷ்கோடிப் புயலையோ 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையோ பற்றி அவர்கள் அறிந்ததைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, பிறகு அதே நிகழ்ச்சியை நூலில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று இரண்டு பத்தியாக அதே நோட்டில் குறித்து வைக்கட்டும். அடுத்த நூலகப் பயணத்தின்போது எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.